ஏழு மணிப் பெருச்சாளி

செம்பூரில் எங்கள் காம்பவுண்டுக்குள் நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்குத் திரும்புகிற ஒரே ஜீவன் பெருச்சாளிதான். நான் ஃபோர்ட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். ஹார்பர் லைன் மனது வைத்தால் நேரத்துக்குப் போவேன், இல்லாவிட்டால் ரயிலைத் திட்டிக்கொண்டே போவேன். என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வேலையில் இருந்தபோதும் ஓய்வாகத்தான் இருந்தார் என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பெருச்சாளிக்கு லீவு கிடையாது, லேட்டு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ரயிலை நிறுத்திப்போடுகிற மெகா பிளாக் கிடையாது. பொழுது சாய்ந்தால் வரும். தின்னும். தோண்டும். விடிவதற்குள் வாசலை மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். இப்படி ஓர் ஊழியர் எங்கள் ஆபீசில் இருந்திருந்தால் கம்பெனி எப்போதோ உருப்பட்டிருக்கும்.

எங்களுடையது தரைத்தள வீடு. மும்பையில் தரைத்தளம் வாங்குகிறவர்களைப் பார்த்து மற்றவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கொசு வரும், மழைத் தண்ணீர் வரும், மேல்மாடிக்காரர்கள் உதறுகிற பாயின் தூசி மொத்தமும் வரும். எல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். காரணம், சமையலறைக் கதவுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் ஒரு துண்டு மண் இருந்தது. நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் எல்லோரும் புரண்டு படுக்க வேண்டும். செடி என்றால் பெயிண்ட் டப்பாவில் கற்பூரவல்லி, அதுவும் சந்தில் போகிறவன் முழங்கை பட்டு ஆறு மாதத்துக்கொரு தடவை சாகும். காலுக்குக் கீழே சொந்த மண் வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதுப் பைத்தியம்.

“ஏட்டி, மண்ணு வேணும்னா கடைசில எல்லாருக்கும் ஆறடி கெடைக்கத்தான செய்யும்? அதுக்கு எதுக்கு இப்பமே லோன் போடணும்?” என்று கேட்டார் என் கணவர். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். வாயைத் திறந்தால் ஆறுதலாக நாலு வார்த்தை வரும்.

அந்த மண்ணில் சக்கரவள்ளி போட்டேன், சேப்பங்கிழங்கு போட்டேன், மஞ்சள் போட்டேன். சுவரோரம் ஒரு கறிவேப்பிலை மரம் தானாக நின்றது. எனக்குக் கிழங்கென்றால் உயிர். இன்னொருவருக்கும் அப்படித்தான் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

போன வருடத்து மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் சேப்பங்கிழங்குப் பாத்தி நடுவே ஒரு கூடை அளவு ஈர மண் குவிந்து கிடந்தது. நன்றாகச் சலித்த மண். ஒரு கல் இல்லை, ஒரு கட்டி இல்லை. நான் கொத்தினால்கூட அவ்வளவு பதமாக வராது. என் கணவர் குனிந்து பார்த்து, “மண்புழு வேல. நல்லதுதான்” என்று தீர்ப்புச் சொன்னார். மண்புழு அந்த அளவுக்கு மண்ணைத் தள்ளியிருந்தால் அது என் கணவர் உயரம் இருந்திருக்கும். அதை நான் சொல்லவில்லை. மறுநாள் சக்கரவள்ளிக் கொடிகள் வாடிக் கிடந்தன. இழுத்துப் பார்த்தால் கொடி மட்டும் கையோடு வந்தது. கிழங்கைத் தின்றுவிட்டுக் கொடியை மரியாதையாக எனக்கு விட்டுவைத்திருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் யுத்தம். பொந்தைக் கடப்பாரையால் குத்திக் கிளறிவிட்டு, செங்கல்லை வைத்து அடைத்தோம். பக்கத்தில் புதுப் பொந்து வந்தது. கண்ணாடித் துண்டு போட்டோம். கண்ணாடியை வெளியே தள்ளிவிட்டு வேலையைத் தொடர்ந்தது. ஊரிலிருந்து வந்த மிளகாய்த் தூளைக் கொட்டினோம். அடுத்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும்தான் தும்மினோம். ஒரு பெரிய கூண்டு வாங்கி உள்ளே வறுத்த கருவாடு வைத்தோம். பெருச்சாளிக்குப் புதுச் சாமான் ஆகாது போலிருக்கிறது. கூண்டைச் சுற்றி ஒரு நடைபாதையே போட்டுக்கொண்டு, கருவாட்டைத் திரும்பிப் பார்க்காமல் கிழங்குக்குப் போனது. கூண்டில் விழுந்தது எங்கள் ஹவுசிங் சொசைட்டி செகரட்டரி வீட்டுப் பூனை. அதைத் திறந்துவிடப் போன என் கணவருக்கு மூன்று கோடு விழுந்தது. செகரட்டரியோடு எங்களுக்கு இருந்த நல்லுறவிலும் அன்றைக்கே ஒரு கோடு விழுந்தது.

இத்தனைக்கும் நாங்கள் அதை நேரில் பார்த்ததே இல்லை. காரணம் எங்கள் பக்தி.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஊரில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், இடி விழுந்தாலும் மழை கொட்டினாலும் ஏழு மணிக்குப் பாயை விரித்து, ஒரு பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணியாக வேண்டும். நான் ஆபீசிலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வருவதே அதற்குத்தான். ஜெபத்தில் கண்ணைத் திறப்பது எங்கள் வீட்டில் சாதாரணக் குற்றமில்லை. சின்ன வயதில் கண்ணைத் திறந்து, தொடையில் கிள்ளு வாங்காத திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பிள்ளை யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

ஆறரைக்கெல்லாம் என் கணவர் சமையலறைக் கதவருகே நாற்காலி போட்டு, கையில் விளக்குமாற்றோடு காவல் இருப்பார். ஒன்றும் வராது. ஏழு அடித்ததும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே வருவார். பாடுவோம். அவர் ஜெபத்தில் சர்வலோகத்து ராஜாக்களையும், சபையையும், சமாதானத்தையும் தொட்டுவிட்டுக் கடைசியில் தோட்டத்துக்கு வருவார். “எங்கள் பிரயாசத்தின் பலனைப் பட்சிக்கிற அந்தச் சத்துருவை நிர்மூலமாக்கும் ஆண்டவரே” என்று குரல் உயர்த்துவார். நானும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆமென் சொல்வேன். எழுந்து போய் டார்ச் அடித்தால் புது மண் குவியல் இருக்கும். சத்துரு வந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போயிருக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் எங்கள் வீட்டில் எல்லாக் கண்ணும் மூடியிருக்கும் என்பதை அது எப்படிக் கண்டுபிடித்தது என்று எனக்கு ஆச்சரியம்.

“ஒரு நாளைக்கு ஜெபத்த எட்டு மணிக்கு வைப்பமா?” என்று கேட்டேன்.

“ஒரு பெருச்சாளிக்காண்டி ஆண்டவர ஒரு மணி நேரம் காக்க வைக்கச் சொல்லுதியா?” என்றார்.

இந்த வருடம் மழை பிடித்த வேகத்தில் செகரட்டரியின் காருடைய முன்சக்கரம் என் தோட்டத்தை ஒட்டிய இடத்தில் அரையடி இறங்கியது. கீழே இருந்த சுரங்கம் இடிந்துவிட்டது. செகரட்டரி ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. மனிதர்கள் மீது அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது, அந்தக் கார் மீது உண்டு. “பாபி, யே கார்டன் நஹி, கூஸ் கா ஹோட்டல் ஹை” என்றார் என்னிடம். கூஸ் என்பது இந்த ஊரில் பெருச்சாளிக்குப் பெயர். தோட்டம் இல்லையாம், பெருச்சாளி ஓட்டலாம். ஓட்டலை மூடிவிட்டு அங்கே பேவர் பிளாக் சிமெண்டுக் கட்டை பதித்தால் இரண்டு கார் நிறுத்தலாம் என்று அவர் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார். பெருச்சாளி அவருக்குப் பிள்ளையார் அனுப்பி வைத்த சாட்சி.

பிள்ளையார் விஷயம் இன்னொரு வகையிலும் குறுக்கே வந்தது. விஷம் வைக்கலாமா என்று கேட்டதற்குக் கட்டடமே கொதித்தது. கணபதி வர இரண்டு மாதம்கூட இல்லை, அவருடைய வாகனத்துக்கு விஷமா? ஆக, கொல்லக் கூடாது, ஆனால் இருக்கவும் கூடாது. கடைசியில், பத்திரப்படி மண்ணுக்குச் சொந்தக்காரரான சொசைட்டி எனக்கு ஒரு சலுகை கொடுத்தது. கணபதியைக் கரைக்கிற நாளுக்குள் பெருச்சாளி போனால் மண் எனக்கு. போகாவிட்டால் மண் பேவர் பிளாக்குக்கு. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பெருச்சாளி எதற்காக இங்கேயே கிடக்கிறது என்று யோசித்தேன். என் கிழங்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. தின்ன எதுவும் இல்லாத இடத்தில் அது ஏன் தினமும் ஏழு மணிக்கு வர வேண்டும்? பொந்து வாசலில் அடிக்கடி வாழையிலைத் துண்டுகள் செருகிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்துக் குப்பை என்று நினைத்து, அந்த மண்டபத்தில் தாலி கட்டிய அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர் வழக்கம்போல் சர்வலோகத்து ராஜாக்களிடமிருந்து ஜெபத்தைத் தொடங்கினார். ராஜாக்கள் முடிந்து சபைக்கு வருவதற்குள் நான் கண்ணைத் திறந்துவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் யார் கிள்ளப் போகிறார்கள்? சமையலறை ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலை மரம் தெரிந்தது. மரத்தடியில் முதல் மாடி மாமி குனிந்து நின்றிருந்தார்.

மாமி மாட்டுங்கா பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். இந்தக் கட்டடத்தில் எங்களைத் தவிரத் தமிழ் பேசுகிற ஒரே வீடு. போன வருடம் மழைக்குக் கொஞ்சம் முன்னால் மாமா தவறிப்போனார். பிள்ளை வெளிநாட்டில். மாமி கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். ஒரு வாழையிலைத் துண்டைச் சுவரோரம் விரித்து, அதில் சாதத்தைக் கவிழ்த்து, கையால் ஒரு தட்டுத் தட்டி ஒழுங்குபடுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனார். இலை ஆடி அடங்குவதற்குள் பொந்திலிருந்து அது வந்தது. பூனைக்குட்டியைவிடப் பெரிசு, தொப்பையும் தொந்தியுமாக, உர் உர் என்று சத்தம் போட்டுக்கொண்டு நேராக இலைக்குப் போனது. சுற்றுமுற்றும் பார்க்கவில்லை, மோப்பம் பிடிக்கவில்லை. வீட்டு மனுஷன் சாப்பாட்டுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. பருப்பும் நெய்யும் பிசைந்த சாதம். கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துவிட்டு இலையையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனது. பின்னால் என் கணவர், “சத்துருவை நிர்மூலமாக்கும்” என்று உருகிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் மிளகாய்த் தூளில் தும்மிச் சாகிறேன், மாடியிலிருந்து நெய்ச்சோறு இறங்கி வருகிறதா? காக்காவுக்குச் சாதம் வைப்பதென்றால் மத்தியானம் வைக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் காக்கா கூட்டுக்குப் போய்விடும் என்பது பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். மறுநாள் சனிக்கிழமை, காலையில் முதல் வேலையாகப் படியேறினேன். பேச வேண்டியதை வரிசையாக மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன்.

மாமி கதவைத் திறந்து, “வாடிம்மா, காபி கலக்கட்டுமா?” என்றார். பால்கனி முழுக்கப் புறா வலை. மாமாவின் டிபன் டப்பா துடைத்துக் கவிழ்த்தபடி அலமாரியில் இருந்தது. மனப்பாடம் பண்ணியதில் பாதி அங்கேயே மறந்துவிட்டது.

“மாமி, நீங்க சாயங்காலம் வைக்கிற சாதத்தக் காக்கா திங்கல” என்றேன். “பெருச்சாளி திங்குது.”

மாமி சிரித்தார். “காக்கா அந்த நேரத்துக்கு வராதுன்னு எனக்குத் தெரியாதா? நீ என்னை என்னன்னு நினைச்சிண்டிருக்கே?”

நான் காபியை ஆற்றத் தொடங்கினேன்.

“மத்தியானம்தான் வெச்சிண்டிருந்தேன். இந்த வலை போட்டப்புறம் காக்காவும் வரலை, செகரட்டரியும் ஜன்னல்ல சாதம் வெக்கப்படாதுன்னுட்டார். அப்புறம்தான் யோசிச்சேன். மத்தியானம் அவர் எப்போடி ஆத்துல இருந்தார்? டப்பாக்காரன் கொண்டுபோய்க் குடுத்ததை ஆபீஸ்ல சாப்ட்டுண்டிருந்தார். அவர் என் கையால சுடச்சுடச் சாப்ட்டது ராத்திரிச் சாப்பாடு மட்டும்தான். நீங்க கீழே பாட ஆரம்பிப்பேள், அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில கேக்கும். அதுதான் எனக்குக் கடியாரம். அந்த நேரத்துக்கு வெச்சாத்தானே அவருக்கு வெச்ச மாதிரி?”

“ஆனா மாமி, அது பெருச்சாளி.”

“இருந்துட்டுப் போறது. எனக்கொண்ணும் பைத்தியம் இல்லை. அவர்தான் வர்றார்னு நான் சொல்லலை. ஆனா போட்ட சாதம் போட்டபடி கிடந்தா மனசு தாங்கலைடி. இலை காலியா இருந்தா ராத்திரி எனக்குத் தூக்கம் வர்றது. அவ்வளவுதான்.” பிறகு, “உன் தோட்டத்துக்கு ஏதாவது தொந்தரவா?” என்று கேட்டார்.

கணபதிக் கெடுவையும் பேவர் பிளாக்கையும் பற்றி மாமிக்கு ஒன்றும் தெரியாது. மாமா போன பிறகு அவர் மீட்டிங்குக்கே வருவதில்லை. சொல்லத்தான் போனேன். சொன்னால் மாமி அன்றைக்கே நிறுத்திவிடுவார், அதுவும் எனக்குத் தெரியும். சோறு நின்றால் பெருச்சாளி வேறு இடம் பார்க்கும், மண் எனக்கு. எவ்வளவு சுலபம்! “தொந்தரவெல்லாம் இல்ல மாமி” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். இறங்கி வருகையில் என்னையே நான் திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

என் கணவரிடம் சொன்னேன். “சவத்து மூதி, நெய்ச்சோறால்லா திங்குது? நமக்கு எப்பமாவது நெய்ச்சோறு உண்டுமா?” என்றார். அவருடைய வருத்தம் அது. ஆனால் அன்று ராத்திரியிலிருந்து அவர் ஜெபத்தில் சத்துரு நிர்மூலமாகவில்லை. சபையோடு நிறுத்திக்கொண்டார்.

கணபதி வந்தார், மோதகம் சாப்பிட்டார், போனார். கரைத்த மறு ஞாயிறு மீட்டிங். பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். காம்பவுண்டு விஷயம் என்பதால் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்று செகரட்டரி சொல்லிவிட்டார், மாமியும் வந்திருந்தார். செகரட்டரி ஒரு பழைய நியூஸ் பேப்பரைப் பிரித்து, பொந்திலிருந்து எடுத்த வாழையிலைத் துண்டுகளை எல்லோருக்கும் காட்டினார். கொலைக்கேஸில் கத்தியைக் காட்டுகிற மாதிரி இருந்தது. இதற்கு யார் தீனி போடுகிறார்கள், இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார் இந்தியில்.

மாமி தன் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதைப் பார்த்தேன். ஒரு கையை நாற்காலியில் ஊன்றி எழுந்திருக்கப் போனார். அத்தனை பேர் முன்னால் மாமா சாப்பிடுகிற நேரத்தை அவர் இந்தியில் விளக்குவதை நினைத்துப் பார்த்தேன். யாராவது ஒருத்தர் சிரிப்பார். கட்டாயம் ஒருத்தர் சிரிப்பார்.

நான் எழுந்துவிட்டேன். “நான்தான். சமையல் கழிவை உரத்துக்குப் புதைக்கிறேன். இலையும் அதில் சேர்ந்து போகும்” என்றேன்.

செகரட்டரி முகத்தில் தீபாவளி. குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு ஓட்டெடுப்பு எதற்கு? ஆனாலும் எடுத்தார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது, மாமியுடையதும் எங்கள் இருவருடையதும் தவிர. வீட்டுக்கு வந்ததும் என் கணவர், “பொய்ச் சாட்சி சொல்லக் கூடாதுன்னு கட்டளை இருக்கு, தெரியுமாட்டி?” என்றார்.

“அடுத்தவனுக்கு எதிராச் சொல்லக் கூடாதுன்னுதான இருக்கு? நான் ஆதரவாத்தான சொன்னேன்” என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

பேவர் பிளாக் பதிக்கிறவர்கள் அந்த வாரமே வந்துவிட்டார்கள். வேறெந்த வேலைக்கும் சொசைட்டியில் அப்படி ஆள் வந்து நான் பார்த்ததில்லை. மேல்மண்ணை வாரி டெம்போவில் ஏற்றினார்கள். மணலைக் கொட்டி, சிவப்பும் சாம்பலுமாகக் கட்டைகளை அடுக்கி, கறிவேப்பிலை மரத்தின் அடி வரைக்கும் சிமெண்டு பூசினார்கள். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஜன்னலில் நின்று முழுவதையும் பார்த்தேன். பல் பிடுங்குவதைக் கண்ணாடியில் பார்க்கிற ஆட்கள் உண்டல்லவா, அந்த ரகம் நான். அன்றைக்கு எனக்குப் பெருச்சாளி மேல்கூடக் கோபம் இல்லை. அதற்கும் வீடு போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்துச் சாக்கடை நாலாவுக்குப் போயிருக்கும்.

அன்று சாயங்காலமும் மாமி இறங்கி வந்தார். பேவர் பிளாக் மேல் இலையை விரித்தார். மறுநாள் விடியற்காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது மாமி அங்கே நின்றுகொண்டிருந்தார். சாதம் வைத்தபடியே காய்ந்து கிடந்தது, எறும்பு மட்டும் வந்திருந்தது. மாமி இலையோடு எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சனிக்கிழமை மாமியைப் படியில் பார்த்தேன். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

“தூங்கலியா மாமி?”

“தூக்கம் எங்கே வர்றது? எல்லாம் என்னால. உன் மண்ணும் போச்சு, அதோட வாயில மண்ணும் விழுந்தாச்சு” என்றவர், குரலைத் தாழ்த்தி, “சாதம் வெக்கறதை நிறுத்திடலாம்னு பாக்கறேன். சாப்பிட ஆள் இல்லாம எதுக்கு வெக்கணும்?” என்றார்.

என் மண் போனபோது வராத ஒரு பயம் எனக்கு அப்போது வந்தது. மாமி அந்தக் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டால் அப்புறம் எதற்காக ஏழு மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பார்?

மறுநாள் ஞாயிறு, கிரிக்கெட் மேட்ச். மத்தியானம் கட்டடம் மொத்தமும் டி.வி. முன்னால். செகரட்டரி வீட்டிலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பரணிலிருந்து கடப்பாரையை இறக்கினேன்.

“அத விரட்டவும் கடப்பாரை, அதக் கூப்பிடவும் கடப்பாரையா?” என்றார் என் கணவர். சொல்லிவிட்டு என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். சுவரோரம், மரத்துக்குப் பின்னால், இரண்டு கட்டைகளை நெம்பி எடுத்தோம். கீழே மணலை நான் கையால் தோண்டினேன். பழைய மண் தட்டுப்பட்டது. மணம் வந்தது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு, ஒரு காலத்தில் நாங்களே செங்கல் வைத்து அடைத்த பழைய பொந்தைத் தேடிப் பிடித்து, செங்கல்லை உருவிப் போட்டோம். என் கணவர் குழிக்குள் தலையை நீட்டி, “ஏல, வாசல் தொறந்தாச்சு, வா” என்று கூப்பிட்டார். கட்டைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் செகரட்டரி வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்து வெகுநேரம் நின்றார். இரண்டு கனமான கட்டைகளைப் பெயர்த்துச் சுவரில் சாய்த்து வைக்கிற பெருச்சாளியை அவர் அதுவரை கண்டதில்லை. “ஜப்பர்தஸ்த் கூஸ் ஹை”, பலே பெருச்சாளிதான், என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். அவர் பெருச்சாளியை அந்த அளவு மதித்தது நல்லதாய்ப் போயிற்று. கட்டைகளைத் திரும்பப் பதிக்க ஆள் சொல்லியிருக்கிறார், இன்றைக்கு வரை ஆள் வரவில்லை.

“வெக்கறதை நிறுத்தாதீங்க மாமி, எனக்காக இந்த ஒரு வாரம்” என்று நான் கெஞ்சியதால் மாமி தொடர்ந்து வைத்தார். திங்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. நான் ஆபீசில் உட்கார்ந்து பெருச்சாளியைப் பற்றிக் கவலைப்பட்டேன். என்னைப் போல் ஒருத்தி அதன் வருகைக்காக ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஜெபம் பண்ணுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களை மனநல டாக்டரிடம் அனுப்பியிருப்பேன்.

புதன்கிழமை ஏழு மணிக்குப் பாயை விரித்தோம். பாடினோம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே பாடினோம், மேல்மாடிக்கும் தரைக்குக் கீழும் கேட்கட்டும் என்று. வெளியே மாமி இலை போட்டுவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. என் கணவர் கண்ணை மூடி ராஜாக்களைத் தொடங்கினார். நான் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தேன். ராஜாக்கள் முடிந்தார்கள். சபை முடிந்தது. கறிவேப்பிலை மரத்துக்குப் பின்னால் மணல் கொஞ்சம் அசைந்தது. முதலில் மீசை வந்தது. அப்புறம் அந்தத் தொப்பை.

எழுந்து ஜன்னலண்டை போய், “ஏம்ல இம்புட்டு நேரம்?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராக இலைக்குப் போய் உட்கார்ந்தது.

மேலே புறா வலைக்குப் பின்னால் மாமியின் நிழல் தெரிந்தது.

“வந்தாச்சாடி?”

“வந்தாச்சு மாமி.”

“சாப்பிடறதா?”

நெய் மீசையில் மினுமினுக்க, இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தது.

“நல்லா சாப்பிடுதாரு மாமி” என்றேன்.

பின்னால் பாயிலிருந்து என் கணவர் கண்ணைத் திறக்காமலே “ஆமென்” என்றார்.